தண்ணீரில் அம்மா முகம் தெரிந்ததாம், அதை நம்பி முடிவெடுக்கலாமா?

அகல்:
என் தோழி இருட்டறையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு கிண்ணத்துத் தண்ணீரையே ரொம்ப நேரம் பார்த்திருக்கிறாள். முதலில் அவள் முகம் மங்கியதாம், அப்புறம் அதுவே அம்மா கண்ணை மூடிக் கிடக்கும் முகமாக மாறியதாம். அம்மாவுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, இப்போது இவள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். பொய் சொல்கிற ஆளும் இல்லை. நீரில் குறி பார்ப்பது பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஓடைக்கரை:
ரொம்பப் பழைய வழக்கம். பாபிலோனியர்கள் தண்ணீரில் எண்ணெய் விட்டு, அது இரண்டாகப் பிரிகிறதா, வளையமாக நிற்கிறதா என்று பார்த்துப் பலன் சொன்னார்கள், அந்தப் பலன்களை எழுதிய களிமண் பலகைகள் இன்றும் இருக்கின்றன. உங்கள் தோழி செய்ததற்கு நெருக்கமானது கிரேக்கத்தின் பத்ராஸ் நகரத்து ஊற்று. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியாஸ் எழுதியிருக்கிறார்: முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கயிற்றில் கட்டி, விளிம்பு மட்டும் தண்ணீரைத் தொடும்படி இறக்குவார்கள், முங்க விடமாட்டார்கள். வேண்டிக்கொண்டு தூபம் போட்டுவிட்டுப் பார்த்தால் நோயாளி உயிரோடோ பிணமாகவோ அதில் தெரிவாராம். நோயாளிக்காக மட்டும்தான் அங்கே கேட்பார்கள்.

வெண்முகில்:
தோழி பார்த்தேன் என்பதை நான் அப்படியே நம்புகிறேன். மங்கிய வெளிச்சத்தில் ஒரே இடத்தை அசையாமல் பார்த்தால் சுற்றியிருப்பது மெல்ல மறையும், 1804இலேயே டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் இதைப் பதிவு செய்துவிட்டார். 2010இல் இத்தாலியில் கபுட்டோ என்ற உளவியலாளர் 50 பேரை மங்கலான அறையில் 10 நிமிடம் கண்ணாடி பார்க்க வைத்தார், 66 சதவீதம் பேருக்குத் தங்கள் முகமே பயங்கரமாகக் கோணித் தெரிந்தது, சிலருக்கு அங்கே பெற்றோர் முகம் தெரிந்தது. கண் விட்ட இடத்தை மனது நிரப்புகிறது, அம்மாவையே நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு வேறு யார் முகம் வரும்? தயவுசெய்து இதை வைத்து சிகிச்சையைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

ஓடைக்கரை:
அதேதான். அவளைக் கடிந்துகொள்ளாமல், அந்த அறுவை சிகிச்சையில் அவளுக்கு எது பயம் என்று கேளுங்கள், அந்தக் கேள்வியை மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம்.

அகல்:
மயக்க மருந்து கொடுத்தால் அம்மா எழுந்திருக்கமாட்டாளோ என்று முன்பே ஒருமுறை சொன்னாள். நாளைக்கே அவளோடு மயக்க மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள்.