ஆல்ட் மோட்: ‘மறுவுரு’ சரிவருமா?

அன்பின் குழுமத்தாருக்கு,

1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய, உருமாறும் ரோபோக்களின் கதையான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் பற்றிய கட்டுரைக்கு, ‘ஆல்ட் மோட்’ (அந்த ரோபோ மாறி எடுக்கும் இன்னொரு வடிவம்) என்பதற்குச் சொல் தேடி இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. என் பங்குக்கு ‘மறுவுரு’.

‘வாகன வடிவம்’ கதாநாயகன் ஆப்டிமஸ் பிரைமுக்குப் பொருந்தும், அவர் லாரி. சவுண்ட்வேவ் கேசட் பிளேயர், மெகாட்ரான் கைத்துப்பாக்கி, கிரிம்லாக் டைனோசர். இவர்களை எந்த வாகனத்தில் ஏற்றுவது? ‘மாறுவேடம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேடத்தைக் கலைத்தால் உள்ளே ஆள் அப்படியே நிற்பார். இங்கே லாரியின் முன்கண்ணாடியே ரோபோவின் மார்பு. அதே துண்டுகளை வேறு விதமாக மடக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘உருமாற்றம்’ செயலுக்கான பெயர். அதை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். தலைப்பிரட்டை தவளையானால் திரும்பாதே, இவை நினைத்தபோது திரும்புகின்றனவே என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனாலும் நன்றாகப் புழங்கும் சொல்லை அதற்காகக் கைவிட வேண்டாம். தொடரின் பெயரை மட்டும் ‘மின்மாற்றிகள்’ ஆக்கிவிடாதீர்கள், படிப்பவர் மின்வாரியத்துக்குப் போன் போடுவார்.

சரி, ‘மறு’ ஏன்? கதைப்படி இவர்களுக்குச் சொந்தக் கோளான சைபர்ட்ரானிலேயே வேறு மாற்று வடிவங்கள் இருந்தன. பூமியில் விழுந்து நாற்பது லட்சம் ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தபின், இவர்கள் வந்த விண்கப்பலின் கணினி வெளியே கண்ட வண்டிகளையும் விமானங்களையும் பார்த்து அவர்களைப் புதிதாக அமைக்கிறது. ஆக, ரோபோ உடல்தான் அடையாளம், மற்றது மாறக்கூடியது. முன்னதைத் ‘தன்னுரு’ என்றும் பின்னதை ‘மறுவுரு’ என்றும் இணையாக வைத்தால் தெளிவாக இருக்கும்.

‘வடிவம்’ என்னாமல் ‘உரு’ என்றதற்கும் காரணம் உண்டு. அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ, இந்தக் கார்ட்டூனுக்கு அடிப்படையான பொம்மைகளை ஜப்பானின் டகாரா நிறுவனத்திடமிருந்து வாங்கியது. அவை இரண்டு வகை. டயாக்ளோன் வகையில் பெரும்பாலும் வண்டிகள், உள்ளே ஓட்ட குட்டி மனிதர்கள். மைக்ரோ சேஞ்ச் வகையில் துப்பாக்கி, கேசட் பிளேயர் போன்ற பொருள்கள். இரண்டையும் ஒரே கதையில் போட்டதும் அளவு உதைத்தது. லாரி சைஸ் எதிரியோடு சண்டை போடும் மெகாட்ரான், துப்பாக்கியானதும் இன்னொருவர் கையில் அடங்குமளவு சுருங்குகிறான். பொம்மையால் முடியாததைக் கார்ட்டூன் செய்கிறது. ‘உரு’ என்றால் பருமனும் சேர்ந்து வரும்.

அப்புறம், ‘டாய் லைன்’, அதாவது ஒரே பெயரில் விற்கும் பொம்மைகளின் கூட்டம். ‘பொம்மை வரிசை’ என்றால் எனக்குக் கொலுப்படிதான் கண்ணில் நிற்கிறது. ‘பொம்மைத் தொகுதி’ பரவாயில்லை. அதிலிருந்து பிறந்த தொடரைப் ‘பொம்மைவழித் தொடர்’ எனலாம். ‘பொம்மைத் தொடர்’ என்றால் பொம்மலாட்டமோ என்று மயங்குவார்கள். ‘வழி’ இருந்தால் எது முதலில் வந்தது என்பது விளங்கும். 1986 திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைமைச் சாகடித்ததே, பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றைக் கடைக்குக் கொண்டுவரத்தான். பிள்ளைகள் அழுது தீர்த்ததில், 1987இல் தொடரில் அவரை உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று பாக்கி: ‘காம்பைனர்’. கட்டுமான வண்டிகளாக மாறும் கன்ஸ்ட்ரக்டிகான்கள் ஆறு பேர் ஒன்றுசேர்ந்து டெவாஸ்டேட்டர் என்ற ஒரே பெரிய ரோபோ ஆவது போல. ‘கூட்டுரு’ என்று நினைக்கிறேன். ‘இணையுரு’ என்றால் ஒன்றுக்கொன்று நிகரானது என்று படும். மறுப்பிருப்பவர்கள் எழுதுங்கள்.