‘அபகரிப்பு’, ‘ஆக்கிரமிப்பு’: மனுவில் எதை எழுதுவது?

கேள்வி:
எங்கள் நஞ்சையை ஒட்டியிருந்த வரப்பை, பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வோர் உழவின்போதும் சிறிது சிறிதாகச் செதுக்கிவந்தார்; சென்ற மாதம் எல்லைக்கல்லையும் பெயர்த்தெடுத்து, ஏறத்தாழ இரண்டு முழ அகலத்தைத் தம் வயலோடு சேர்த்து நட்டுவிட்டார். மனுவில் ‘ஆக்கிரமித்துவிட்டார்’ என்று எழுதியிருந்தேன். மனு எழுதித் தரும் பெரியவர் அதை அடித்துவிட்டு ‘அபகரித்துக்கொண்டார்’ என்று திருத்தினார். இரண்டும் ஒரே பொருள் தருவனவா?

மறுமொழி 1:
இல்லை ஐயா. இரண்டும் வடமொழி வழி வந்தவை. ஆனால் ‘ஆக்கிரமி’ என்பதன் வேர் காலடி வைப்பதையும், ‘அபகரி’ என்பதன் வேர் எடுத்துச் செல்வதையும் குறிக்கும். அதனால்தான் நடைபாதையை ஆக்கிரமித்தார்கள் என்கிறோம், நகையை ஆக்கிரமித்தார்கள் என்று சொல்வதில்லை. நகை, பணம், நிலம் எதையும் அபகரிக்கலாம். (உபகாரத்துக்கு எதிரான ‘அபகாரம்’ வேறு வேரிலிருந்து வந்த சொல், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) தமிழில் அபகரித்தலுக்கு ‘வௌவுதல்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. குறளின் 18ஆம் அதிகாரத்தில் வரும் ‘வெஃகுதல்’ பிறர் பொருள்மீது ஆசை வைப்பது. வௌவுதல் அந்த ஆசையைச் செயலாக்குவது. கல்லைப் பெயர்த்துத் தமதாக்கிக்கொண்டவரைப் பற்றி எழுதும்போது பெரியவரின் திருத்தமே பொருந்தும்.

மறுமொழி 2:
சொற்பொருள்படி அது சரி. ஆனால் அலுவலக வழக்கு வேறு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் அரசு நிலத்துக்கு உரியது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் 2011இல் தனிப் பிரிவுகள் அமைக்கப்பட்ட பிறகு, ‘நில அபகரிப்பு’ என்றதும் போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், மிரட்டி எழுதி வாங்குதல் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. தங்கள் மனுவில் அந்த ஒரு சொல் மட்டும் இருந்தால், போலிப் பத்திரம் எங்கே என்று கேட்கக்கூடும். ஆகவே கல் எந்த இடத்தில் இருந்தது, எப்போது பெயர்க்கப்பட்டது என்று நடந்ததை அப்படியே எழுதி, புலப்படத்தின் (நிலத்தின் அளவை வரைபடம்) நகலை இணைத்து, நில அளவர் வந்து அத்து (எல்லை) காட்ட வேண்டும் என்று கேளுங்கள். சுவாதீனம் (நிலம் தம் கைவசம் இருப்பது) பறிபோனவர் அதை மீட்க 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவில் வழக்குத் தொடரலாம். அதற்கு ஆறு மாதமே கெடு.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ‘கல்லைப் பெயர்த்து, எங்கள் சுவாதீனத்தில் இருந்த நிலத்தை அபகரித்துக்கொண்டார்’ என்று தேதியோடு மாற்றி எழுதிவிட்டேன். கல் இருந்த குழி இன்னும் தூரவில்லை; நாற்று மறைப்பதற்குள் படம் எடுத்துவைக்கிறேன்.