புது எம்2: முதல் 2000 கிலோமீட்டர் மிதிக்கவா, தடவவா?

ஆறுசிலிண்டர்:

வண்டி எடுத்து ஒன்பது நாள் ஆகிறது. பிஎம்டபிள்யூ எம்2, மேனுவல் கியர். மீட்டரில் 340 கி.மீ. கையேட்டை இரண்டு முறை படித்துவிட்டேன். புது இன்ஜின் பழகும் வரை, அதாவது முதல் 2000 கி.மீ. வரை, 5500 ஆர்.பி.எம்.-ஐயும் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்று) மணிக்கு 170 கி.மீ.-ஐயும் தாண்டக் கூடாது, முழு ஆக்ஸிலரேட்டர் கூடாது, ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. சரி, இதில் குழப்பம் இல்லை.

குழப்பம் வீட்டில்தான். மச்சான் பைக் ரேஸ் பக்கம் சுற்றியவர். "முதல் முப்பது கிலோமீட்டரிலேயே பிழிஞ்சு எடுத்திருக்கணும். இல்லைன்னா பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் உட்காராது, ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும்" என்கிறார். அப்பா நேர் எதிர். முள் மூவாயிரத்தைத் தொட்டாலே பக்கத்து சீட்டிலிருந்து என் தொடையைத் தட்டுகிறார்.

யார் சொல்வது சரி? சனிக்கிழமை 600 கி.மீ. நெடுஞ்சாலைப் பயணம் வேறு இருக்கிறது, போகலாமா? ஆயிலை 2000 வரை விடலாமா, 500-லேயே மாற்றிவிடவா?

ஸ்பேனர்12:

கையேட்டில் உள்ளபடி ஓட்டுங்கள், அவ்வளவுதான். எல்லோரும் இன்ஜினையே பேசுகிறோம். புது டயருக்கு முதல் 300 கி.மீ. வரை முழுப் பிடிப்பு வராது, பிரேக் டிஸ்க்கும் பேடும் ஒன்றோடொன்று பழக 500 கி.மீ. ஆகும். மச்சான் பேச்சைக் கேட்டு முதல் நாளே வளைவில் பாய்ந்திருந்தால் ரிங் உட்கார்ந்திருக்குமோ என்னவோ, வண்டி பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்.

கிரீஸ்கை:

இருபது வருஷமாக இன்ஜின் பிரித்து மாட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மச்சான் பாதி சரி. அப்பா கால்வாசி சரி.

புது சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பாய்ப் பின்னல் மாதிரி குறுக்குக் கோடுகள் தெரியும். ஹோனிங் (உரைகல்லால் தேய்ப்பது) செய்த தடம். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். கோடுகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய மேடுகளை ரிங் தேய்த்துச் சமன் செய்துகொள்ள வேண்டும், ரிங் உட்காருவது என்பது அதுதான். ரிங்குக்குச் சொந்தமாக இருக்கும் விறைப்பு கொஞ்சம்தான். எரியும் வாயு ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. சுமை கூடினால் அழுத்தமும் கூடும். அதனால் தடவித் தடவி ஓட்டினால் ரிங் வழுக்கிக்கொண்டே போகும், சுவர் மெருகேறிவிடும். மச்சான் சரியாகச் சொன்ன பாதி இது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் புது வண்டியை (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பு என்னுடையது) வாங்கிய வாரமே 900 கி.மீ. டாப் கியரில், மணிக்கு 90-ல், க்ரூஸ் கண்ட்ரோல் போட்டு ஓட்டினேன். பெட்ரோல் மிச்சம் என்று பெருமை வேறு. 20,000 தாண்டியபோது 1500 கி.மீ.-க்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரில் ஒரு கோடு கூட மிச்சமில்லை. என் மீசை தெரிந்தது அதில்.

மச்சான் தப்பாகச் சொன்ன பாதி: சுமை வேறு, சுழற்சி வேறு. ரிங்குக்குத் தேவை சுமை, ஏழாயிரம் ஆர்.பி.எம். அல்ல. பேரிங், கேம், டர்போ எல்லாமே புதுசு, அவற்றைச் சூட்டில் வதைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை. இந்தக் காலத்து சிலிண்டர்களில் அந்த மேடுகளின் கூர்முனையைத் தொழிற்சாலையிலேயே சீவிவிடுகிறார்கள். உங்கள் எஸ்58 இன்ஜினில் வார்ப்பிரும்பு லைனரே (சிலிண்டருக்குள் செருகும் குழாய்) கிடையாது, சுவரில் உருக்கித் தெளித்த இரும்புப் பூச்சுதான். முப்பது கிலோமீட்டர் கணக்கெல்லாம் வேறு காலத்து இன்ஜினுக்கு.

நான் செய்வது இப்படி. முதலில் ஆயில் சூடாகட்டும். கூலன்ட் முள் சீக்கிரம் நடுவுக்கு வந்து ஏமாற்றும், ஆயில் பின்னால்தான் வரும். ஆயில் வெப்பம் 80 டிகிரியைத் தொட்ட பிறகு, மூன்றாம் கியரில் 2000-லிருந்து 5000 ஆர்.பி.எம். வரை முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான மிதியில் ஏற்றுங்கள். காலை எடுங்கள். கியரை மாற்றாமல் அதுவாகவே 2000-க்கு இறங்கட்டும். திரும்ப ஏற்றுங்கள். காலியான சாலையில் ஒரு பத்து தடவை, தினமும். ஆறாம் கியரில் 1300-ல் திணறத் திணற மிதிப்பது மட்டும் வேண்டாம், அது ரெட்லைனை (ஆர்.பி.எம். உச்ச வரம்பு) விட மோசம்.

அப்பாவைப் பின் சீட்டுக்கு அனுப்புங்கள். எம்2-வின் பின் சீட்டில் உட்கார்ந்தால் தானாக முன்னால் வர மாட்டார்.

ஆறுசிலிண்டர்:

மீசைக் கதை படித்துச் சிரித்துவிட்டேன், கிரீஸ்கை அண்ணே. அப்போ சனிக்கிழமைப் பயணம்?

கிரீஸ்கை:

போங்கள் தம்பி. க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடாதீர்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கியரை ஐந்து, நான்கு என்று இறக்கி ஏற்றுங்கள். மலைப்பாதை வழி இருந்தால் அதையே எடுங்கள், ஏற்றத்தில் சுமையும் இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங்கும் தானாகக் கிடைக்கும்.

டிரெயின்பிளக்:

ஆயில் கேள்வியை யாரும் தொடவில்லை. 500-ல் மாற்றினால் பெரிய கெடுதல் வந்துவிடாது, அவசியமும் இல்லை. ஹோண்டா தன் கையேடுகளில் குறித்த நேரம் வரை முதல் ஆயிலை மாற்றாதே என்றே எழுதுகிறது. மினரல் ஆயில் ஊற்றித்தான் பழக்க வேண்டும் என்பதும் பழங்கதை. கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் 1992-லிருந்தே சிந்தெடிக் ஆயிலோடுதான் தொழிற்சாலையை விட்டு வருகிறது.

ஆனால் 2000 சர்வீஸைத் தள்ளிப் போடாதீர்கள். அதில் இன்ஜின் ஆயிலோடு டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஆயிலும் மாறும். எனக்கு அதுதான் முக்கியம். இன்ஜினுக்கு ஃபில்டர் உண்டு, டிஃபரென்ஷியலுக்குக் கிடையாது. கியர் பற்கள் பழகும்போது உதிர்வது எல்லாம் அந்த ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கழற்றும்போது பக்கத்தில் நின்று ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் பிளக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் காந்தத்தில் கண்மை மாதிரி அப்பியிருக்கும். விரலில் தேய்த்தால் வெள்ளி மினுக்கும். அந்த அளவு சகஜம். கையில் குத்தும் அளவுக்குச் சில்லு வந்தால்தான் பேச வேண்டும்.

ஆறுசிலிண்டர்:

போய் வந்தேன். இப்போது 982 கி.மீ. மலைப்பாதைதான் எடுத்தேன். ஆயில் அளவு பார்க்கலாம் என்று பானட்டைத் திறந்து பத்து நிமிஷம் டிப்ஸ்டிக்கைத் தேடினேன். இந்த வண்டியில் அது கிடையவே கிடையாதாம், எல்லாம் திரையில்தான். புறப்பட்ட அன்று பார்த்த அளவேதான் இன்னும் காட்டுகிறது. அப்பா பின் சீட்டில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தார். திரும்பும்போது முன்னால் வந்துவிட்டார், இப்போது 4000 வரை விடுகிறார்.