லெந்து (ஈஸ்டருக்கு முந்துன தவக்காலம்) வெள்ளிக்கிழம உபவாசத்த விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது தப்புங்களா?

திருப்பூர்_லைன்வீடு:
போன வெள்ளிக்கிழம சர்ச்ல உபவாச ஜெபமுங்க, வேதம் வாசிக்கற முறை என்னோடது. கெளம்பி நிக்கறப்ப பக்கத்து வீட்டு ஒடிசா புள்ள, பனியன் கம்பெனில கைமடியா (டெய்லருக்கு ஒதவியாளா) இருக்குது, கைக்கொழந்தையத் தூக்கிட்டு வந்து கதவத் தட்டுது. கொழந்த ஒடம்பு அனலா கொதிக்குது, புருசன் நைட்டு ஷிப்ட் போனவரு இன்னும் வரல, அதுக்குத் தெரிஞ்ச தமிழ் நாலு வார்த்த. பைபிள டிவி மேல வெச்சுட்டு ஸ்கூட்டில ஜிஹெச்சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டன். சீட்டு போட்டு, ரத்தம் எடுத்து, ரிசல்ட்டுக்கு உக்காந்திருந்தப்ப அந்தப் புள்ளைக்கு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தா, நீங்களும் தின்னுங்கன்னு பாதியப் பிச்சு நீட்டுது. தின்னுட்டன். ஞாயித்துக்கெழம ஒரு பெரியவரு "உபவாசத்த முறிச்சுட்டியே அம்மணி"ங்கறாரு. அப்பப் புடிச்சு ஒரே வெசனமா இருக்குதுங்க.

கோபி_விவசாயி:
இதுல என்னங்க தப்பு? பைபிள்ல ஏசாயா 58ஆம் அதிகாரமே உபவாசத்தப் பத்தித்தான். நாணலாட்டம் தலையத் தொங்கப்போட்டுட்டா அது உபவாசமாயிருமான்னு கேட்டுப்போட்டு, பசிச்சவனுக்கு உன்ற சோத்தப் பகுந்து குடுங்குது. இங்க பகுந்து குடுத்தது அந்தப் புள்ளதான், அது வேற கதை 😄

ஈரோட்டுக்காரன்:
அதுக்காக ஜெபக்கூட்டமே வேண்டாம்னு ஆயிராதுங்க. மத்தேயு 23:23ல சீரகம் வரைக்கும் தசமபாகம் (பத்துல ஒரு பங்கு காணிக்கை) குடுத்துட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவங்களத் திட்டுன இயேசு, அவைகளையும், அதாவது அந்தத் தசமபாகத்தையும், விடாதிருக்கவேண்டும்னுதான் முடிக்கறாரு. நான்தான் தானம் பண்றனேன்னு சர்ச் பக்கமே எட்டிப் பாக்காத ஆளுங்களையும் எனக்குத் தெரியும். உங்க கதை அப்படியில்லீங்க, ஆனா வாசிக்க வரமுடியலீன்னு ஒரு போன் போட்டிருக்கலாம், அங்க யாரோ ஒருத்தரு திடீர்னு எந்திரிச்சு முழிச்சிருப்பாங்க.

பல்லடம்_தறி:
"பலியை அல்ல இரக்கத்தையே"ங்கறது ஓசியா 6:6ல வர்றதுங்க, இயேசு அத மத்தேயுல ரெண்டு எடத்துல எடுக்கறாரு. 9:13ல ஆயக்காரங்களோட (வரி வசூலிக்கறவங்களோட) சாப்புட உக்காந்தாருன்னு பரிசேயருங்க, அதான் சட்டத்தக் கறாரா புடிச்ச யூதருங்க, கொறை சொன்னப்ப, 12:7ல பசிச்ச சீஷருங்க வேலையே செய்யக்கூடாத ஓய்வுநாள்ல கதிரக் கொய்து தின்னப்ப. ரெண்டுமே சோத்து வெவகாரந்தானுங்க. பன்னுக்கெல்லாம் கணக்கு கேக்க மாட்டாரு, வுடுங்க.

திருப்பூர்_லைன்வீடு:
போன் போடாதது என்ற தப்புதானுங்க. கொழந்தைக்கு டெங்கு இல்லீன்னு வந்துருச்சு, இப்ப தவழ்ந்துட்டு எங்கூட்டு வாசப்படி வரைக்கும் வருது. இன்னிக்குப் பொழுதோட அந்தப் புள்ள ஒரு கிண்ணம் கொண்டாந்துச்சு, நம்ம பழையசோறாட்டமே இருக்குது, பேரு பகாளாங்குது. நாளைக்கு வெள்ளிக்கிழம, அதனால ராத்திரியே தின்னு முடிச்சாச்சுங்க.