பகலில் "தொடர்பு இல்லை" என்று காட்டும் தெருவிளக்குக் கண்ட்ரோலர்கள்: இன்னொரு கேட்வே தேவையா?

கேள்வி – பேரூராட்சி மின்பிரிவுப் பணியாளர்

வணக்கம். எங்கள் பேரூராட்சியில் சோடியம் விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. விளக்குகள் பொருத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள ஏழு முனைச் சாக்கெட்டில் லோராவான் (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறை) கண்ட்ரோலர் செருகியிருக்கிறார்கள். அவற்றோடு ரேடியோவில் பேசித் தகவலைக் கணினிக்கு அனுப்பும் கேட்வே மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் இருக்கிறது. இரவில் கணினித் திரையில் பெரும்பாலான விளக்குகள் பச்சையாகத் தெரிகின்றன. விடிந்ததும் ஏறக்குறைய எல்லாமே சிவப்பாகி "தொடர்பு இல்லை" என்று வருகிறது. மாலையில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகும் திரை பச்சையாக வெகுநேரம் பிடிக்கிறது. சில விளக்குகள் இரவு 10 மணிக்கு ஒளியைப் பாதியாக்கும் உத்தரவை ஏற்பதே இல்லை. சிக்னல் போதவில்லை, இன்னொரு கேட்வே வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். அதற்கு மதிப்பீடு தயாரிக்கும் முன் விவரம் தெரிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் – தெருவிளக்குப் பணியில் உள்ள மின் பொறியாளர்

இரவில் வந்து பகலில் போவது சிக்னல் குறைபாடாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு கண்ட்ரோலருக்கு எட்டாத கேட்வே இருட்டிய பிறகு மட்டும் எட்டிவிடாது. தெருவிளக்குப் பெட்டியைத் திறந்து, பழைய டைமரும், அது சொல்லும் நேரத்தில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரும் இன்னும் இணைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நண்பகலில் பெட்டியிலிருந்து, விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஸ்விட்ச் வயருக்குப் போகும் முனையில் மீட்டர் வைத்து, வோல்டேஜ் எவ்வளவு என்று எழுதுங்கள்.

கேட்டவர்

பார்த்தேன் ஐயா. டைமர் அப்படியே இருக்கிறது. நண்பகலில் அந்த முனையில் மின்சாரம் இல்லை.

பதில் – மின் பொறியாளர்

காரணம் அதுதான். முன்பு பெட்டியில் உள்ள டைமர் ஸ்விட்ச் வயருக்கு மாலையில் மின்சாரம் கொடுத்துக் காலையில் நிறுத்தும்; விளக்குக்கு வேறு மூளை தேவைப்படவில்லை. இப்போது எரிவதும் அணைவதும் கண்ட்ரோலரின் வேலை என்பதால், அதற்கு 24 மணி நேரமும் மின்சாரம் வேண்டும். காலையில் டைமர் இணைப்பைத் துண்டித்ததும் எல்லாக் கண்ட்ரோலர்களும் செத்துவிடுகின்றன. மாலையில் ஒரே நொடியில் உயிர்பெற்று, அத்தனையும் ஒரே நேரத்தில் கேட்வேயிடம் சேர்க்கை கேட்டு முண்டியடிக்கின்றன. நம் நாட்டில் லோராவானுக்குப் பயன்படும் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் அந்த அழைப்புகள் ஒன்றோடொன்று மோதி வீணாகின்றன. சேர்வதற்குப் பிந்தியவை, கடிகாரத்துக்கு பேட்டரி இல்லாத வகையாக இருந்தால், மணி என்ன என்பதே தெரியாமல் முழு ஒளியில் எரிந்துகொண்டிருக்கும்.

கான்டாக்டரைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுப்பதே தீர்வு. இதில் உபரியாக ஒரு நன்மையும் உண்டு: எல்.இ.டி. டிரைவர்கள் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும், விளக்குக்குள் உள்ள கருவிகள்) மின்சாரம் வந்த கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், அத்தனையும் ஒருசேர இழுத்தால் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) விழும், கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். கண்ட்ரோலர்கள் சில நொடி முன்பின்னாக விளக்கை ஏற்றினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

பதில் – ஓய்வுபெற்ற வயர்மேன்

பொறியாளர் சொல்வது சரி. ஆனால் நேரடி இணைப்புக் கொடுப்பதற்கு முன் கம்பம் கம்பமாக நடந்து பார்த்துவிடுங்கள். சந்துகளில் கண்ட்ரோலர் இல்லாத பழைய குழல் விளக்குகள் அதே ஸ்விட்ச் வயரில் தொங்கிக்கொண்டிருக்கும். அவை இனி நாள் முழுவதும் எரியும். அதைவிட முக்கியமானது உயிர். பகலில் ஸ்விட்ச் வயரில் மின்சாரம் இருக்காது என்ற பழக்கத்தில்தான் எங்கள் ஆட்கள் ஆண்டுக்கணக்காக ஏணி போட்டு ஏறியிருக்கிறார்கள். எப்போதுமே எல்.சி. (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கித்தான் ஏற வேண்டும் என்பது வேறு. நடப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மாற்றம் செய்யும் நாளிலேயே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் உங்கள் ஆட்களுக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பெட்டியின் கதவில் "24 மணி நேரமும் மின்சாரம் உள்ளது" என்று பெயிண்டில் எழுதிவையுங்கள்.

பதில் – நகராட்சிகளுக்கு ஆலோசனை தருபவர்

சிறு மாற்றுக் கருத்து. பத்து விளக்குகள் உள்ள சந்துக்கு விளக்கு வாரியாகக் கண்ட்ரோலர் தேவையா என்பதே என் ஐயம். பெட்டிக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வைத்து, சூரிய அஸ்தமனக் கணக்குப்படி மொத்தமாக ஏற்றி இறக்கி, மின்னோட்டம் குறைவதைக் கொண்டு எத்தனை விளக்கு எரியவில்லை என்று ஊகிக்கும் முறையைப் பல உள்ளாட்சிகள் பின்பற்றுகின்றன. செலவும் பராமரிப்பும் குறைவு. ஒளியைக் குறைக்க வேண்டிய முதன்மைச் சாலையோடு விளக்கு வாரிக் கட்டுப்பாட்டை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு முறைகளையும் ஒரே பெட்டியில் கலப்பதுதான் இப்போது நீங்கள் படும் பாடு.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கடைவீதிப் பெட்டியில் மட்டும் நேரடி இணைப்புக் கொடுத்துப் பார்த்தோம். வயர்மேன் ஐயா எச்சரித்தபடியே கோயில் சந்தில் குழல் விளக்குகள் பகலில் எரிந்தன. அவற்றுக்குத் தனி ஒளியுணரி பொருத்தினோம். திரை பகலிலும் பச்சையாகவே இருக்கிறது. ஆயினும், எல்லாம் இணைப்பில் இருந்தும் சில விளக்குகள் இரவு 10 மணிக்கு மங்குவதில்லை.

பதில் – மின் பொறியாளர்

அது ரேடியோவின் குறை அன்று, விளக்குக்குள் இருக்கும் குறை. சாக்கெட்டின் மூன்று பெரிய முனைகள் மின்சாரத்துக்கு உரியவை; நான்கு சிறிய முனைகளில் இரண்டு ஒளியைக் குறைப்பதற்கு. எல்.சி. வாங்கி விளக்கைக் கீழே இறக்கி, சாக்கெட்டிலிருந்து டிரைவருக்கு டிம்மிங் கம்பிகள் இரண்டும் உண்மையில் போகின்றனவா என்று பாருங்கள். பூஜ்யம் முதல் பத்து வோல்ட் வகை டிரைவராக இருந்தால், அந்தக் கம்பிகள் திறந்து கிடக்கும்போது முழு ஒளி தரும். மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்து, அந்த இரு கம்பிகளின் முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தால் ஒளி அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். இறங்கினால் டிரைவர் நல்லது, இணைப்பில்தான் பிழை. கம்பியே இல்லாத டிரைவர் என்றால், ஏழு முனைச் சாக்கெட் வெறும் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டது என்று பொருள். அத்தகைய விளக்குகளின் வரிசை எண்களைக் குறித்து, ஒப்பந்த விவரக்குறிப்பில் "ஒளி குறைக்கத்தக்கது" என்று இருக்கும் பக்கத்தை இணைத்து, மாற்றித் தரக் கோரிக் கடிதம் கொடுங்கள். ஒப்பந்ததாரரின் இறுதிப் பில்லுக்குத் தொகை வழங்குவதற்கு முன்பே கொடுங்கள். கேட்வேக்கான மதிப்பீட்டை, எல்லாப் பெட்டிகளையும் மாற்றிய பிறகும் சிவப்பாகவே நிற்கும் விளக்குகள் எவை என்று பார்த்த பின் எழுதலாம்.