அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்

அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அண்ணன் ஒரு கட்டுத் தாளோடு வந்து, "வங்கிக் கணக்கை முடிக்கணும், நாலு இடத்துல கையெழுத்துப் போடு" என்றான். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, போட வேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தான். அந்த விரலுக்குப் பக்கத்திலேயே நான் போட்டுக்கொண்டு போனேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்தால் அவனைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமே என்று கூச்சம். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்.

நாலில் ஒன்று, வீட்டில் எனக்கிருந்த பங்கை அவனுக்கே விட்டுக்கொடுக்கும் தாள். ஏழு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அம்மாவிடம் ஓடினேன். அம்மா தலை நிமிரவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வீடு போனதைவிட அந்தக் குனிந்த தலைதான் இன்றும் கண்ணை விட்டுப் போக மறுக்கிறது.

சபையில் நான் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். பல வருடமாக அதுதான் எனக்குத் தேவன் கொடுத்த வேலை என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நடந்த பிறகும் விசுவாசத்தில் உறுதியாக நின்றேன் என்று எழுதினால் அது பொய். வகுப்பறை அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. நான் போகாவிட்டால் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில்கூடக் கிடைக்காது. முதல் சில வாரங்கள் அந்தச் சாவிக்காகத்தான் போனேன். ஜெபம் வரவில்லை, பாட்டு வரவில்லை. அலமாரியைத் திறந்தேன், பாடம் சொன்னேன், பூட்டிவிட்டு வந்தேன்.

அப்போது வந்தது யோசேப்பின் பாடம். 17 வயதுப் பையனை அண்ணன்மார் குழியில் போடுகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். நான் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், குழிக்குள்ள இருந்தப்ப யோசேப்பு கத்தினாரா?"

ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தைத் திரும்பப் பார்த்தேன். அண்ணன்மார் பேசியது எல்லாம் இருக்கிறது. யோசேப்பு குழியில் என்ன சொன்னான் என்று ஒரு வார்த்தை இல்லை. "அது எழுதல, கண்ணு" என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

அந்த வாரம் இரவில் உட்கார்ந்து கதையைத் தொடர்ந்து படித்தேன். 42-ஆம் அதிகாரத்தில் இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பஞ்சம், தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன்மார் மாட்டிக்கொண்டார்கள். எகிப்தின் அதிபதியாக எதிரே நிற்பது தம்பி என்று தெரியாமல் ஒருவரோடு ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள்: அவன் நம்மைக் கெஞ்சினான், அவன் பட்ட வேதனையைப் பார்த்தும் நாம் காது கொடுக்கவில்லை என்று. அப்படியென்றால் அவன் கத்தியிருக்கிறான், கெஞ்சியிருக்கிறான். அத்தனை வருடமும் அந்தச் சத்தம் அதைக் கேட்க மறுத்தவர்களின் காதிலேயே இருந்திருக்கிறது. யோசேப்பு அதைக் கேட்டு அப்பால் போய் அழுதான் என்று உடனே வருகிறது.

நானும் அங்கே புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். அத்தனை நாளும் வராத அழுகை. என் கூப்பாட்டை யாருமே எழுதி வைக்கவில்லை என்றுதான் நான் தேவனிடம் கோபமாக இருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "கத்தினார்மா. எழுதியிருக்கு, கொஞ்சம் தள்ளி எழுதியிருக்கு" என்றேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள். ஆறுதல் வசனங்களை மட்டும் அனுப்ப வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.

* * *

அக்கா, என்னுடையது சொந்தக்காரர் செய்தது இல்லை. அதைவிட நெருக்கமான நண்பன். இரண்டு பேரும் வாரம் ஒரு இரவு சேர்ந்து ஜெபிப்போம். என் பலவீனம் ஒன்றை அவனிடம் மட்டும் சொன்னேன், எனக்காக ஜெபிக்கச் சொல்லி. மூன்றே வாரத்தில் அது "சகோதரருக்காக ஜெபியுங்கள்" என்று சபை முழுக்கப் பரவிவிட்டது. எதைப் பற்றி என்பதும் சேர்ந்தே பரவியது.

சங்கீதம் 55 எனக்குத் தெரிந்த சங்கீதம்தான். சத்துரு நிந்தித்திருந்தால் தாங்கியிருப்பேன், என் தோழனாகிய நீயல்லவா என்று தாவீது உடைகிற இடம். ஆனால் அடுத்து என்ன வருகிறது என்று நான் நின்று பார்த்ததில்லை. 15-ஆம் வசனத்தில், அவர்கள் உயிரோடே பாதாளத்தில் இறங்கட்டும் என்கிறார். நான் அதை அப்படியே ஜெபமாகச் சொன்னேன். சொன்னேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. பல நாள் சொன்னேன். கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு என்று எல்லோரும் சுவரில் மாட்டி வைக்கிற வசனம் அதே சங்கீதத்தின் 22-ஆம் வசனம். நடுவில் ஆறே வசனம். அந்த ஆறைக் கடக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது என் ஊழியம். அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், ஊரே என்னைப் பற்றிப் பேசும்போது எந்த முகத்தோடு ஒருவர் கட்டில் பக்கத்தில் போய் நிற்பது? ஒரு பெரியவர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "உனக்கு நடந்தது எனக்குத் தெரியும் தம்பி. அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். நீ வெளியே விடமாட்டே" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சொன்னது என் மனைவிக்கும் தெரியாது.

* * *

எனக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

என் கணவர் வேறொருவரோடு போய்விட்டார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நின்றார். அன்று மாலையே தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள். யோசேப்பு அண்ணன்களை மன்னித்துக் கட்டிப்பிடித்தானே, நீயும் சேர்த்துக்கொள் என்றார்கள். மறுத்தால் நான் தேவ சித்தத்துக்கு எதிராக நிற்கிறேனாம்.

யோசேப்பை எடுத்துக் காட்டுகிறவர்கள் 42 முதல் 44 வரை உள்ள அதிகாரங்களைப் படித்துவிட்டு வரட்டும். அண்ணன்மாரைப் பார்த்தவுடன் அவன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. நடுவில் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினான். அவர்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்து வைத்தான். கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, தம்பியை விட்டுவிட்டு இவர்கள் மறுபடியும் போய்விடுவார்களா என்று பார்த்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவனான யூதா சொன்னான். யோசேப்பை விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்ன அதே யூதா. அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பால் அடக்க முடியவில்லை, அண்ணன்மாரிடம் தன்னை வெளிப்படுத்தினான்.

என் மனதில் அவர்மேல் பகை இல்லை. தேவனுக்கு முன்பாகச் சொல்கிறேன், அது போய்விட்டது. பிள்ளைகள் அவரைப் பார்க்கிறார்கள், நான் தடுப்பதில்லை. ஆனால் வீட்டுச் சாவி கொடுக்கவில்லை. யூதா பேசியதுபோல் ஒரு வார்த்தை இன்னும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்தால் பார்க்கலாம். அதுவரை என் பிள்ளைகளைத் தேவபயத்தில் வளர்ப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறேன். மன்னிப்பையும் நம்பிக்கையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஏற்கெனவே அடிபட்டவர்கள் தலையில் இன்னொரு குற்ற உணர்வை ஏற்றாதீர்கள். தயவுசெய்து.

* * *

எல்லாருடையதையும் படித்தேன். நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. என் கூடப் பிறந்தவள் எனக்குச் செய்ததை இங்கே எழுதக்கூட முடியவில்லை. "ஆண்டவரே" என்று ஆரம்பிக்கிறேன், அதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. தினமும் அது ஒன்றுதான்.

* * *

தம்பியா தங்கையா தெரியவில்லை. நீங்கள் "ஆண்டவரே" என்று கூப்பிடுகிறீர்களே, அதுவே போதும் இப்போதைக்கு. நாம் வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8-இல் பவுல் எழுதுகிறார். மீதி வார்த்தைகளை அவர் பார்த்துக்கொள்வார். ஆறுதல் வசனம் வேண்டாம் என்று சொன்ன நானே ஒன்றை அனுப்புகிறேன், மன்னியுங்கள். எனக்கு அலமாரிச் சாவி இருந்ததுபோல் உங்களுக்கு அந்த ஒரு வார்த்தை.

சாவி கொடுக்கவில்லை என்று எழுதிய சகோதரிக்கு: நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் போன மாதம் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. பிள்ளைகள் இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அண்ணன் தாள்களை வாங்கிக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தான். நாங்கள் நேருக்கு நேர் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. தலை நன்றாக நரைத்துவிட்டது. பேனாவை நீட்டினான். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முதல் தாளின் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

நாலு பக்கம். பொடி எழுத்து. புரியாத வார்த்தை வந்தபோது செவிலியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. விரலை எங்கேயும் வைக்கவில்லை. ஒரு கட்டத்தில் எனக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தான். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போது, விளக்கு வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்."

போட்டேன்.