மறு: ஆல்ட் டெக்ஸ்ட் - 'மாற்று உரை' போதுமா?

குழுவினருக்கு வணக்கம். இணையப் பக்கத்தில் ஒரு படத்துக்குப் பதிலாக, பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) படிக்கும் உரைதான் ஆல்ட் டெக்ஸ்ட். அதற்கு நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> 'மாற்று உரை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான் அண்ணே. ஆனால் 'மாற்று' என்பதை ஏவலாகவும் படிக்கலாம். கடவுச்சொல்லை மாற்று, படத்தை மாற்று என்றெல்லாம் பொத்தான்கள் இருக்கிற நிர்வாகப் பக்கத்தில், படத்துக்குக் கீழே 'மாற்று உரை' என்று ஒரு கட்டம் இருந்தால் என்ன ஆகும்? சிம்மக்கல் பக்கம் டிடிபி வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "எந்த உரையை மாத்தணும்ணே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைக்காரரிடம் கேட்டால் மாற்று என்பது தங்கத்தின் தரம் என்பார், அது தனிக்கதை.

> 'படவிளக்கம்' என்றால் யாருக்கும் புரியும்.

புரியும் அக்கா, தப்பாகப் புரியும். எனக்கு 'மாற்று உரை'யைவிட இதில்தான் தயக்கம் அதிகம். விளக்கம் என்று கேட்டால் கண்ணில் படுவதை எல்லாம் எழுதத் தோன்றும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக்கலைக் கட்டுரையில் அது வந்தால் நிலைகள், சுதைச் சிற்பங்கள் பற்றி ஒரு வரி எழுதுவது நியாயம். அதே படம் ஒரு தங்கும் விடுதித் தளத்தின் உச்சியில் இருந்து, தட்டினால் முதற்பக்கம் போகும் என்றால், 'முதற்பக்கம்' என்ற ஒரு சொல்தான் சரி. பார்வையற்ற ஒருவர் அறை பதிவு செய்ய வந்திருக்கிறார், ஒவ்வொரு பக்கத்திலும் அவருக்குச் சிற்பங்களை ஒப்பிப்பது கொடுமை. பக்கத்தின் ஓரத்தில் வெறும் அழகுக்குப் போட்டிருந்தாலோ, எதுவுமே சொல்லக் கூடாது.

அந்த 'எதுவுமே சொல்லாமை'யையும் முறையாகக் குறிக்க வேண்டும். பக்கத்தின் நிரலில் இந்த உரையை எழுதும் இடமான ஆல்ட் பண்பைக் கொடுத்து, மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றும் எழுதாமல் விட்டால் திரைவாசிப்பான் படத்தைத் தாண்டிப் போய்விடும். பண்பையே விட்டுவிட்டால் பல நேரம் கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாக, எண் எண்ணாகப் படிக்கும். (திரைவாசிப்பானா திரைபடிப்பானா என்ற சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.) அதனால் நமக்கு வேண்டிய சொல், வெறுமையாக இருக்கவும் இடம் தர வேண்டும். 'வெற்று விளக்கம்' என்றால் திட்டுவது மாதிரி இருக்கிறது.

2023 அக்டோபரில் வந்த வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி 2.2-இலும் 1.1.1 என்ற முதல் விதி இதைத்தான் பேசுகிறது. உரையல்லாத எதற்கும், அதே நோக்கத்தை நிறைவேற்றும் உரை ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. தோற்றத்தைச் சொல்லச் சொல்லவில்லை, நோக்கத்தை நிறைவேற்றச் சொல்கிறது. ஆகவே என் பரிந்துரை: படப்பதிலி.

பதிலுக்கு வந்த ஆள் வேலையைப் பார்த்தால் போதும், முகம் ஒத்திருக்க வேண்டியதில்லை. பேச்சில் சுருக்கி, "பதிலி எழுதியாச்சா?" என்று கேட்கலாம். 'பதிலி இல்லாத படம்' என்பது பிழை, 'வெற்றுப் பதிலி' என்பது சரியான பயன்பாடு. இரண்டும் சட்டென்று பிரிகின்றன. ஒலிக்கோப்புக்கு எழுத்து வடிவம் தருவதை ஒலிப்பதிலி என்று நீட்டவும் முடியும்.

> பதிலி என்பதைப் ப்ராக்சி சர்வருக்கும் சொல்கிறோமே?

ஆமாம் ஐயா, நமக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் அந்தக் கணினிக்கும் இதே சொல் என்பது ஒரு இடைஞ்சல்தான். ஆனால் முன்னால் 'பட' ஒட்டியிருக்கும் வரை குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஒரே பக்கத்தில் சர்வரும் படமும் சேர்ந்து வருகிற சந்தர்ப்பம் குறைவு.

சொல் எதுவானாலும் சொற்பட்டியல் பதிவில் இரண்டு எச்சரிக்கைகள் சேர்க்க வேண்டும். ஒன்று, நம் ஊர் வழக்கம். சித்திரைத் திருவிழா நிகழ்ச்சி நிரலை, எந்த நாள் எந்த வீதி என்பது வரை, ஒரே ஜேபெக் படமாகப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதிலிக்குள் முழு நிரலையும் திணிக்கக் கூடாது. பட்டியலைப் பக்கத்திலேயே எழுத்தாகப் போட்டுவிட்டு, பதிலியில் 'நிகழ்ச்சி நிரல், விவரம் கீழே' என்றால் போதும். பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

அப்புறம் எழுத்துரு. அச்சகத்துப் பழக்கத்தில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டுகிறார்கள். 'அம்மா' என்பது பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் படிக்கும், எழுத்துரு அதற்குத் தெரியாது. யூனிகோடு கட்டாயம். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருப்பதும் கட்டாயம். இல்லாவிட்டால் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறாமல் போகலாம்.

பதிவுக்கான வரைவு:

படப்பதிலி (பெயர்ச்சொல்): படம் ஒரு பக்கத்தில் செய்யும் வேலையைப் படத்தைப் பார்க்காதவருக்குச் செய்து தரும் சிறு உரை. அலங்காரப் படங்களுக்கு வெற்றாக விடப்படும். படத்தின் கீழே எல்லாருக்கும் தெரியும் படக்குறிப்பு வேறு.

கடைசி வாக்கியம் தேவையா என்று பேராசிரியர் ஐயாவும் அக்காவும் சொல்லுங்கள். என் எண்ணம், வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் அதிகம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து